உடைந்ததும் உடைத்ததும்

பள்ளிப் பிள்ளைகளுக்கான அகராதி ஒன்றைத் தயாரிக்கும் சிறிய அலுவலகத்தில் நான் ஏழு ஆண்டுகளாகப் பணிபுரிகிறேன். தமிழில் முதுகலைப் பட்டம் பெற்றவள். இதைப் பெருமைக்காகச் சொல்லவில்லை. பின்னால் நடந்தது விளங்க வேண்டுமே என்றுதான் சொல்கிறேன். தட்டச்சு செய்ய ஆள் வேண்டும் என்று பதிப்பாசிரியர் கேட்டபோது, என் கணவரின் தம்பி மனைவியை, அதாவது என் ஓரகத்தியை, நானே சிபாரிசு செய்தேன். அவள் படித்தது விலங்கியல்.

சொல்லுக்கு ஒன்றாகப் பொருளும் எடுத்துக்காட்டும் நான் எழுதித் தரும் அட்டைகளைத் தட்டச்சு செய்யும்போதே, இப்படி யாரும் பேசுவதில்லையே என்று சொல்லி, எடுத்துக்காட்டு வாக்கியங்களை மாற்றிக் காட்டத் தொடங்கினாள். பதிப்பாசிரியர் அவற்றைப் படித்து வாய்விட்டுச் சிரித்தார். என் அட்டை எதையும் படித்து அவர் சிரித்ததில்லை. சிரிக்க வைப்பது அகராதியின் வேலையன்று என்றே அதுவரை நான் எண்ணியிருந்தேன். ஆறே மாதத்தில் அவள் தட்டச்சு மேசையை விட்டு என் எதிர் நாற்காலிக்கு வந்துவிட்டாள்.

அச்சுக்குப் போகுமுன் பள்ளிகளுக்கெல்லாம் மாதிரிப் பக்கம் ஒன்று அனுப்பப்படும் என்றும், அதன் அடியில் எழுதியவர் பெயர் இருக்கும் என்றும் ஒரு திங்கட்கிழமை பதிப்பாசிரியர் அறிவித்தார். அதற்கு அவர் தேர்ந்த சொல் ‘உடை’. உடுத்தும் உடை அன்று, உடைகிற உடை. நாங்கள் இருவரும் தனித்தனியே எழுத வேண்டும்; வெள்ளிக்கிழமை நண்பகலில் ஒன்றை அவர் தேர்ந்தெடுப்பார். என் பெயர் அதுவரை எந்தத் தாளிலும் அச்சேறியதில்லை.

நான் அன்றே எழுதி முடித்தேன். கண்ணாடி உடைந்தது, குச்சி ஒடிந்தது, கிளை முறிந்தது, பாறை பிளந்தது, கோட்டை தகர்ந்தது. ஒவ்வொன்றுக்கும் பொருள், அதன்கீழ் வேறுபாடு. குறை சொல்ல இடமில்லை.

அவளோ ஒரு குறிப்பேட்டை வைத்துக்கொண்டு வீடு முழுக்கச் சுற்றினாள். எங்களுடையது ஒரே வீடு. மாடியில் அவர்கள், கீழே நாங்கள், மாமியார் இரண்டுக்கும் நடுவில். பிஸ்கட்டை உடைப்பீர்களா, ஒடிப்பீர்களா, பிய்ப்பீர்களா என்று மாமியாரிடம் கேட்டாள். தான் ஒடித்து டீயில் முக்குவதாகவும், மாமனார் இருந்தவரை அவருக்கு அந்தப் பிரச்சினையே இல்லை, அப்படியே முழுங்கிவிடுவார் என்றும் மாமியார் சொல்ல, இருவரும் கண்ணில் நீர் வரச் சிரித்தார்கள். அதையாவது பொறுத்துக்கொள்ளலாம். செய்தித்தாளில் முகத்தைப் புதைத்திருந்த என் கணவர் தலையைத் தூக்கி, “கூட்டணி உடையும், உறவு முறியும். இதையும் எழுதிக்கோம்மா” என்றார். ஏழு ஆண்டுகளில் என் அகராதிக்கு அவர் ஒரு சொல்லும் தந்ததில்லை.

புதன்கிழமை மாலை, குறிப்பேட்டைச் சாப்பாட்டு மேசையில் வைத்து, அதன்மேல் மூக்குக்கண்ணாடியை மடக்கி வைத்துவிட்டு, கொடியில் காய்ந்த துணிகளை எடுக்க அவள் மாடிக்குப் போனாள். நான் கண்ணாடியை ஒரு கையில் எடுத்துக்கொண்டு குறிப்பேட்டைத் திறந்தேன். ‘மனசு உடையும், ஒடியாது. இடுப்புதான் ஒடியும்.’ ‘குட்டு உடையும். ரகசியத்தைப் போட்டு உடைக்கலாம்.’ ‘முறிப்பதிலேயே சுகமானது சோம்பல் முறிப்பது.’ இவற்றில் ஒன்றுகூட என் தாளில் இல்லை. என் கை இறுகிக்கொண்டே போனது. கண்ணாடியின் காது, செவியில் மாட்டும் அந்தக் கம்பி, வளைவது தெரிந்தது. அப்போதே விட்டிருக்கலாம். விடவில்லை. சன்னமாக ஓர் ஓசை கேட்டது.

அவள் துணிக்குவியலோடு இறங்கி வந்தபோது, “கண்ணாடி உடைஞ்சிடுச்சு போல” என்றேன்.

அவள் இரண்டு துண்டுகளையும் எடுத்துப் பார்த்தாள். அது இல்லாமல் அவளுக்கு எழுத்து தெரியாது; புதிதாகச் செய்ய மூன்று நாள் ஆகும் என்று கடையில் சொன்னார்களாம். வருந்துவதுபோல் கேட்டுக்கொண்டேன். வெள்ளிக்கிழமை எனதாகிவிட்டது என்று உள்ளுக்குள் ஒரு குளிர்ச்சி பரவியதை மறைப்பதற்கில்லை.

மறுநாள், உடைந்த காதை வெள்ளைப் பிளாஸ்திரி சுற்றி ஒட்டிய அதே கண்ணாடியோடு அவள் வேலைக்கு வந்தாள்.

வெள்ளியன்று பதிப்பாசிரியர் என் தாளைப் படித்து, பிழையே இல்லை என்று சொல்லி மேசையில் வைத்தார். அவளுடையதில் பாதியில் நின்று, உரக்க வாசித்தார்:

“நம்ம கை பட்டா ‘உடைஞ்சிடுச்சு.’ அடுத்தவங்க கை பட்டா ‘உடைச்சுட்டாங்க.’”

சிரித்தார். தன்வினை பிறவினை என்று பக்கம் பக்கமாக எழுதுவதை இரண்டே வரியில் முடித்துவிட்டாளே என்றார். எங்கே பிடித்தாய் என்று கேட்டதற்கு, வீட்டில் ஒருவர் சொன்னதுதான் என்றாள். என் பக்கம் அவள் திரும்பவில்லை. மாதிரிப் பக்கம் அவளுடையது என்று முடிவாயிற்று. மூத்தவள் என்ற முறையில் சரிபார்த்துக் கையொப்பமிடும்படி தாளை என்னிடம் கொடுத்தார்.

சிவப்புப் பேனாவைத் திறந்தேன். ‘பேச்சு வழக்கு, நீக்குக’ என்று நூற்றுக்கணக்கான அட்டைகளில் எழுதிய கை இது. அந்த இரண்டு வரிகளின் ஓரத்தில் எழுதினால் யாரும் காரணம் கேட்கமாட்டார்கள். பேனாவை மூடினேன். பிறகு தாளோடு எழுந்து, தண்ணீர் பிடித்துக்கொண்டிருந்த அவளிடம் போனேன்.

“நான்தான் உடைச்சேன்.”

“தெரியும் அக்கா. அதையும் மூணாவது வரியாப் போடத்தான் நினைச்சேன். ஆனா அப்படி யாரும் சொல்லி நான் கேட்டதே இல்ல. வழக்குல இல்லாததை எப்படி எழுதுறது?” டம்ளரைக் கீழே வைத்தாள். “இப்ப எழுதிக்கட்டுமா?”

கோபித்திருந்தால் தாங்கியிருப்பேன். மன்னித்திருந்தாலும் தாங்கியிருப்பேன். அவள் எடுத்துக்காட்டுத் தேடிக்கொண்டிருந்தாள். ஏழு ஆண்டுகளில் என் வாயிலிருந்து வந்த ஒரே நல்ல வாக்கியம் அதுதான் என்பதும், அது அவள் பெயரில்தான் அச்சேறும் என்பதும் எனக்கு விளங்கியது.

“எழுதிக்கோ” என்றேன்.

சுவரில் தாளை வைத்து, பிளாஸ்திரிக் காதை ஒரு கையால் பிடித்துக்கொண்டு எழுதினாள். காதில் விழுந்தபடியே ‘நான்தான் உடைச்சே’ என்று எழுதியிருந்தாள். ஈற்றில் ஒரு ‘ன்’னைச் சிவப்பு மையால் சேர்த்துவிட்டு, கீழே கையொப்பமிட்டேன். அந்தப் பக்கத்தில் அந்த ஓர் எழுத்து என்னுடையது.