மணி அடிக்கும்வரை

ஊதுவத்தி வைத்த கையோடு இகராஷி வந்த வேலைக்கு வந்தார். உள்ளங்கையில் கைக்குட்டையை விரித்து, அதன்மேல் அந்தக் குட்டிக் கறுப்புக் காரை வைத்து, குழல்விளக்குக்கு நேராகத் தூக்கிப் பிடித்தார். காலடியில், முகத்தில் வெள்ளைத் துணியோடு யோஷிஹாரு படுத்திருந்தார். காரைச் செய்தவர் அவர்தான்.

"பாத்தீங்களா, விளக்கு இந்தக் காரோட கூரையில எப்படி விழுதுன்னு? அம்பு மாதிரி நேர்க்கோடு. ஒரு நெளிவு கிடையாது."

இகராஷி, ஷிசுவோகா ஊரில் குட்டிப் பிளாஸ்டிக் கார்கள் செய்வோர் சங்கத்தின் தலைவர். நகராட்சியில் குடிநீர்க் குழாய்களைப் பார்த்துக்கொண்டிருந்தவர். ஓய்வு பெற்ற பிறகு பளபளப்பைப் பார்த்துக்கொள்கிறார். சங்கத்து ஆட்கள் நாலைந்து பேர் கறுப்புக் கழுத்துப்பட்டையோடு மண்டியிட்டு, காரை நோக்கிக் குனிந்தார்கள். பிணத்துக்குக்கூட அவ்வளவு குனியவில்லை.

"நம்மாளுங்க பூசினா நாரத்தங்காய்த் தோலு மாதிரி வரும். அப்புறம் தேய் தேய்னு தேய்க்கணும். இதுக்குப் பாலிஷே வேண்டாம். எல்லாத்துக்கும் மேல, ஒரு தூசி இல்ல! தூசி இல்லாத மனசுலேருந்துதான் தூசி இல்லாத வண்டி வரும்."

தேநீர் ஊற்றிக்கொண்டிருந்த யோஷிஹாருவின் மனைவி சுமியேவின் கை நின்றது. தூசி ஏன் இல்லை என்பது அவளுக்குத் தெரியும்.

நேற்று மத்தியானம் யோஷிஹாரு கடைசி வார்னிஷை அடித்து, காரை உலர்த்தும் பெட்டியில் வைத்தார். பெட்டி அவளுடையது. பாத்திரம் உலர்த்த அவள் வாங்கியதை, இளஞ்சூடு வார்னிஷுக்கு நல்லது என்று அவர் தன் வேலையறைக்குத் தூக்கிக்கொண்டு போய்விட்டார். அதன் விசிறி அறைக்காற்றை இழுக்கும். காற்றில் இருப்பதையும் இழுக்கும். அதனால் பெட்டியின் மணி அடிக்கும்வரை யாரும் அறைக் கதவைத் திறக்கக் கூடாது. ஒருமுறை தேநீரோடு உள்ளே போனாள். மறுநாள் கார்க் கூரையில் அவள் தலைமயிர் ஒன்று ஒட்டியிருந்தது. அந்தப் பெயின்டைச் சுரண்டி முடிக்கும்வரை அவர் அவளோடு பேசவில்லை.

நேற்று உள்ளே ஏதோ தொம்மென்று விழுந்தது.

"என்னங்க?"

பதில் இல்லை. அவள் கை கதவுவரை போய்த் திரும்பியது. பெயின்ட் டப்பாவாக இருக்கும். கொட்டியிருந்தால் அவரே துடைக்கட்டும் என்று நினைத்தாள். கொஞ்சம் சந்தோஷமாகக்கூட இருந்தது. கதவுக்கு வெளியே உட்கார்ந்து ஒரு ஆரஞ்சை உரித்தாள். மணி அடித்தது. அவர் வரவில்லை. கையிலிருந்த மிச்சச் சுளைகளையும் தின்றுவிட்டுத்தான் எழுந்தாள்.

டாக்டர் வந்து போனபின் மகள் கயோ கேட்டாள்: "சத்தம் எதுவும் கேக்கலையாம்மா?"

"டிவி ஓடிட்டிருந்துச்சு."

டிவி ஓடவில்லை.

"அப்பாவோட சவப்பெட்டியில இந்தக் காரையும் வெச்சு அனுப்பிடலாமா?" என்று கயோ இப்போது கேட்டாள். ஈமச்சடங்குக் கம்பெனிக்காரர் பணிவாகக் குனிந்தார். "மன்னிக்கணும், பிளாஸ்டிக் வைக்க முடியாதுங்க. எரியும்போது உருகி எலும்புல ஒட்டிக்கும்." இகராஷியின் முகத்தில் வந்த நிம்மதியைக் கண்ணாடி வைத்துப் பார்க்க வேண்டியதில்லை.

"அப்போ மே மாசக் கண்காட்சிக்கு எங்ககிட்டயே குடுத்துடுங்க, சுமியே சான். நடு மேசை. 'இறுதிப் படைப்பு'ன்னு அட்டை வெச்சு."

"நான் கதவத் தொறக்கல" என்றாள் சுமியே.

"என்னது?"

"உள்ள விழுந்த சத்தம் கேட்டுச்சு. வார்னிஷ் காயலன்னு தொறக்கல. மணி அடிக்கட்டும்னு உக்காந்திருந்தேன்."

இகராஷி தலைவர் அல்லவா, முதலில் சமாளித்துக்கொண்டார். காரை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு தரையில் நெற்றி படக் குனிந்தார்.

"கேட்டீங்களாய்யா? இதான் குடும்பம்! என் பொண்டாட்டியா இருந்தா வேக்குவம் கிளீனரோட உள்ள வந்திருப்பா. சுமியே சான், இந்தப் பளபளப்புல பாதி உங்களோடது. அட்டையில உங்க பேரையும் போடுறோம்."

மற்றவர்களும் குனிந்தார்கள். ஒருவர் மூக்கைச் சிந்தினார். கயோ மட்டும் குனியவில்லை. மடித்துக்கொண்டிருந்த துண்டை அப்படியே விட்டு அம்மாவைப் பார்த்தாள். பிறகு காலிக் கோப்பைகளை அடுக்கி எடுத்துக்கொண்டு எழுந்தாள்.

சங்கத்தார் காரோடு கிளம்பிப் போனபோது சுமியே வாசல்வரை போய் வணங்கினாள். திரும்பி வந்தால், உலர்த்தும் பெட்டி சமையலறை மேடையில் இருந்தது. கயோ அதைத் துடைத்து, கழுவிய கோப்பைகளை உள்ளே கவிழ்த்துக்கொண்டிருந்தாள்.

"இனிமே இது இங்கயே இருக்கட்டும்மா" என்று அம்மாவின் முகத்தைப் பார்க்காமல் சொல்லி, நேரம் வைக்கும் குமிழைத் திருகிவிட்டுப் போனாள்.

விசிறி சுழன்றது. குமிழ் டிக் டிக்கென்று பின்னோக்கித் திரும்பிக்கொண்டிருந்தது. சுமியே பெட்டியின் எதிரே நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். மடியில் கைகளைக் கோத்துக்கொண்டாள். பிரித்தாள்.

மணி அடிப்பதற்கு வெகு முன்பே எழுந்து மூடியைத் திறந்துவிட்டாள்.

கோப்பைகளில் இன்னும் ஈரம் இருந்தது.