கன்னிமூலை டேங்கு

மதியச் சோறு முடிந்த கையோடு பிரேமகுமாரி மொட்டைமாடிக்கு ஏறி, காயப்போட்டிருந்த தேங்காய் முறிகளைத் திருப்பிக்கொண்டிருந்தபோது நிழல் வந்து தொட்டது. முதலில் அவள் காலை, அப்புறம் முறிகளை, அப்புறம் ஓசையில்லாமல் நகர்ந்து சோலார் பலகையின் ஓரத்தை. தென்மேற்கு மூலையில் செங்கல் தூண்களின் மேல் ஏறி நின்ற கறுப்புத் தண்ணீர் டேங்கின் நிழல் அது. ஒரு பலகையைப் பொறுமையாக விழுங்கிவிட்டு அடுத்ததற்குப் போயிற்று. "போ, அங்ஙனப் போ" என்று கையிலிருந்த துண்டை வீசி விரட்டினாள். நிழல் கேட்கவில்லை.

ஆனி மாதம், மழைக்கு நடுவே கிடைத்த வெயிலில் சோலார்க்காரன் ஷாஜி வந்து பலகைகளைப் பூட்டியபோது இந்த நிழல் இந்தப் பக்கம் எட்டிக்கூடப் பார்க்கவில்லை. அப்போது சூரியன் வடக்கே சாய்ந்து நின்றது. டேங்கின் நிழல் முற்றத்துப் பக்கம் விழுந்து கிடந்தது. சூரியன் தெற்கே இறங்க இறங்க, நிழலும் பக்கம் மாறிவிட்டது. வீட்டில் இதை அறிந்தவள் அவள் ஒருத்திதான். மொட்டைமாடி அவளுடைய ராஜ்யம். மகன் தீபு பாறசாலையில் ஹார்டுவேர் கடைக்குப் போனால் இருட்டிதான் வருவான். மருமகள் ஜிஷாவுக்கு மதியத்துக்கு மேல் காளான் அறையில் தலை நிமிர நேரமிருக்காது. கண்டவள் வாயைத் திறந்தால் டேங்கை இறக்கச் சொல்வார்கள். அதனால் அவள் திறக்கவில்லை.

அந்த டேங்கு முன்பு வடகிழக்கில் இருந்தது. தீபுவுக்கு மஞ்சள்காமாலை முற்றி மெடிக்கல் காலேஜில் கிடந்தபோது, வாஸ்து பார்க்கும் ஆசாரி ஒருவர் முற்றத்தில் நின்று அண்ணாந்து பார்த்தார். "கன்னிமூலை தாந்து கெடக்கு. உயரம் அங்ஙன வரணும். இல்லேன்னா வீட்டு ஆம்பளைக்கு ஆகாது கேட்டியளா" என்றார். அன்றைக்கே ஆள் பிடித்து டேங்கைத் தென்மேற்கு மூலைக்கு ஏற்றினாள். அந்த வாரமே தீபு கஞ்சி கேட்டுக் குடித்தான். டாக்டர்மார் பட்ட பாட்டை அவள் மறக்கவில்லை. ஆனால் ஒவ்வொரு நாளும் வெள்ளத்துக்குக் குழாயைத் திறக்கும்போது அவள் மனம் கும்பிட்டது டேங்கைத்தான். தீபு பூரணமாகத் தேறிவிட்டான், எதையும் தூக்கலாம் என்று ஆஸ்பத்திரியில் சொன்ன பிறகும், அவன் ஒரு குடத்தைத் தொட்டால்கூட ஓடிப்போய்ப் பிடுங்கிக்கொள்வாள்.

இந்தப் பக்கம் ஜிஷா. திருவனந்தபுரத்தில் துணிக்கடையில் நாள் முழுக்க நின்று, ராத்திரி ரயிலில் வீங்கிய காலோடு வந்து இறங்கியவள். அந்த வேலையை விட்டு, அடுக்களைக்குப் பின்னாலிருந்த அறையில் ஏசி வைத்து, வைக்கோல் அடைத்த பைகளைத் தொங்கவிட்டுக் காளான் வளர்க்கத் தொடங்கினாள். "ஏசி போட்டு வளக்கியதுக்கு இதென்ன கலெக்டருக்க பிள்ளையா?" என்று சிரித்தவள் பிரேமகுமாரிதான். பிறகு தினமும் விடியலில் முதல் ஆளாக அந்தக் கதவைத் திறந்து, பைகளில் வெள்ளை வெள்ளையாகக் காது விரித்திருப்பதைப் பார்த்துவிட்டு வந்துதான் காப்பி போடுவாள். நெய்யாற்றின்கரைக் கடைக்காரர்கள் வீடு தேடி வந்து வாங்கிப் போனார்கள். ஏசி தின்னும் கரண்டை வெயிலே தரட்டும் என்றுதான் சோலார் வந்தது. தந்தது. இப்போது குறைந்துவிட்டது.

ஷாஜி இரண்டு தடவை வந்து பார்த்தான். இரண்டும் காலை நேரம். மதியத்துக்கு மேல் அவனுக்கு வேறு ஊரில் வேலை. முதல் தடவை போனில் கரண்டு அளவு காட்டும் கோடு மதியத்துக்கு மேல் சரிவதைக் காட்டி, "ஐப்பசி துலாவர்ஷ மேகமாக்கும். மழை விட்டா செரியாவும்" என்றான். மழை விட்டது. சரியாகவில்லை. அடுத்த தடவை தூசி என்று சொல்லிக் கழுவிவிட்டுப் போனான். இரண்டு தடவையும் பிரேமகுமாரி அவனுக்குக் காப்பி கொடுத்துச் சீக்கிரமாக வழியனுப்பி வைத்தாள்.

வெள்ளிக்கிழமை சாயங்காலம் ஜிஷா காளான் அறை வாசலில் உட்கார்ந்து போனை மடியில் போட்டாள்.

"மாமி, பழைய துணிக்கடை ஷீனா விளிச்சா. கடையில ஆள் வேணுமாம். தையில வரட்டான்னு கேட்டிருக்கேன்."

"அப்போ கூணு?" பிரேமகுமாரி காளான் பைகளை எட்டிப் பார்த்தாள்.

"இந்தப் பை தீந்ததும் அறையைப் பூட்ட வேண்டியதுதான். ஏசிக்குக் கரண்டு பில்லு கெட்டுபடி ஆவல்ல. சோலார் வேணும்னு குதிச்சவ நானாக்கும். இனி யாரைக் குத்தம் சொல்ல?"

அழவில்லை அவள். கடைக்குப் போட்டுப்போன பழைய செருப்பை எடுத்து வந்து வார் அறுந்திருக்கிறதா என்று இழுத்துப் பார்த்தாள். பிரேமகுமாரிக்கு அழுகையைத் தாங்கியிருக்க முடியும். அந்தச் செருப்பைத் தாங்க முடியவில்லை. ராத்திரி முழுக்கப் புரண்டாள். மேலே டேங்கில் வெள்ளம் விழும் சத்தம் கேட்கும்போதெல்லாம், நீயே ஒரு வழி சொல்லேன் என்று கேட்டாள். அது நிறைந்து வழிந்ததுதான் மிச்சம்.

ஞாயிற்றுக்கிழமை காலையில் ஷாஜியைப் போன் பண்ணி வரவழைத்தாள். அவன் பலகைகளைப் பார்த்துவிட்டு, வழக்கம்போல ஒன்றும் இல்லை என்று இறங்கிவந்து பைக் சாவியை எடுத்தான்.

"எங்க போறே? சோறு தின்னுட்டுப் போனா போதும்."

"அய்யோ சேச்சி, மணி பதினொண்ணுதான் ஆவுது."

"பொழியூர்லேருந்து சாளை வந்திருக்கு. மரச்சீனியும் அவிச்சிருக்கேன். தின்னாம போனா எனக்குக் கொறச்சிலாக்கும்."

மரச்சீனிக் கிழங்கு தின்றான். சாளைமீன் கறி ஊற்றிச் சோறும் தின்றான். ரசகதலிப் பழம் வந்தது. மிக்சியைப் பார்க்கச் சொன்னாள், பார்த்தான். கிணற்று மோட்டாரைப் பார்க்கச் சொன்னாள், அதையும் பார்த்தான். தீபுவும் ஜிஷாவும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள்.

"சேச்சி, இனி பாக்கியதுக்கு இந்த வீட்டுல என்னதான் உண்டு?" என்றான் ஷாஜி.

பிரேமகுமாரி முற்றத்தில் இறங்கி அண்ணாந்து பார்த்தாள். "இன்னும் ஒருக்கா மேல ஏறிப் பாரு மக்கா" என்றாள். "எல்லாரும் வாருங்க."

நிழல் ஒரு பலகையை முழுசாகத் தின்றுவிட்டு இரண்டாவதில் பாதி வரை வந்திருந்தது. ஷாஜி தலையில் அடித்துக்கொண்டான்.

"எலே தீபு, கண்டியா? ஒரு பலகையில நிழல் விழுந்தா மத்ததும் தளந்துபோவும். நான் ஒரு பொட்டன், மத்தியானம் வராம காலத்தே காலத்தே வந்து பாத்துட்டுப் போயிருக்கேன்! டேங்கை மாத்தினா தீந்துது."

தீபு அம்மாவின் முகத்தைப் பார்க்காமல், "அது கன்னிமூலையாக்கும். அம்மா சம்மதிக்காது. பலகையை மாத்த முடியுமான்னு பாரு" என்றான். ஜிஷா தேங்காய் முறிகளைப் பார்த்தாள். அவை நிழலை விட்டு அந்தப் பக்கம், வெயிலில் வரிசையாக நகர்த்தி வைக்கப்பட்டிருந்தன. பிறகு மாமியைப் பார்த்தாள்.

"டேங்கை இறக்கு" என்றாள் பிரேமகுமாரி.

"அம்மா, கன்னிமூலை?"

"மூலை அங்ஙனத்தானே கெடக்கும். அது எங்க போவுது?" சொல்லிவிட்டு, டேங்கின் தூணைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள்.

ஷாஜி சிரித்தான். "சேச்சி, பாதி வீட்டுல எனக்கு இதே வழக்குதான். மூலைக்கு உயரந்தானே வேணும்? தடிமன் வேண்டாமே. ஒரு இரும்புக் கம்பியை நெட்டுக்கு நாட்டித் தாறேன். கண்டாலும் நிழலுன்னு சொல்ல மாட்டிய."

"நல்லா உறப்பா நாட்டு" என்றாள் அவள் உடனே. "ஒரு தைரியத்துக்கு இருக்கட்டு." ஜிஷா வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள்.

வடமேற்கில், பலகைகளுக்குப் பின்னால் தாழ்வாக வைக்க இடம் பார்த்தார்கள். குழாயைத் திறந்து வெள்ளத்தை ஒழுகவிட்டார்கள். ஷாஜி குழாய் இணைப்பை அறுத்து முடித்து, கீழே வண்டியிலிருந்து கயிறு எடுத்துவரப் போனான். அவன் படியில் இறங்குவதற்குள் தீபு தூணோரம் ஏறி, டேங்கைச் சாய்த்துத் தன் முதுகில் வாங்கிக்கொண்டான்.

எலே, தொடாதே என்ற சொல் பிரேமகுமாரியின் தொண்டை வரை வந்தது. கை முன்னால் நீண்டுவிட்டது. ஜிஷா பக்கத்தில் வந்து நின்றாள்.

தீபு குனிந்து நடந்தான். தலை தெரியவில்லை, தோள் தெரியவில்லை. பெரிய கறுப்பு டேங்குக்கு இரண்டு கால் முளைத்து நடப்பதுபோல இருந்தது. கால்கள் தடுமாறவில்லை. அவன் போகப்போக நிழலும் கூடவே போயிற்று. ஒவ்வொரு பலகையாக மூடி, ஒவ்வொன்றாக விட்டது. விட்ட இடத்திலெல்லாம் வெயில் பளீரென்று விழுந்தது. நீட்டிய கையைக் கீழே போடவும் மறந்து, கண் கூச, பிரேமகுமாரி அந்தக் கால்களையே பார்த்துக்கொண்டிருந்தாள்.