அக்கா ஓடவில்லை

கிருஷாந்த் இறந்து சில மாதங்களுக்குப் பிறகு, அவருடைய மனைவி சுலோச்சனாவை அவளுடைய தங்கை தாரகா சசெக்ஸ் பக்கம் நடக்கக் கூட்டிக்கொண்டு போனாள். இரண்டு இரவு கூடாரத்தில் தங்குவது, பகலில் குன்றுகளில் நடப்பது என்று ஏற்பாடு.

லண்டன் டூட்டிங்கிலிருந்து கார் புறப்பட்டதிலிருந்து தாரகாதான் பேசிக்கொண்டு வந்தாள். சுலோச்சனா எல்லாவற்றுக்கும் "ஓம்" என்று தலையாட்டினாள். செத்தவீட்டிலும் அவள் அழவில்லை. வந்தவர்களுக்குத் தேநீர் கொடுத்தாள். அடுத்த கிழமையே வேலைக்குப் போய்விட்டாள். தைரியமான பிள்ளை என்று சனம் மெச்சியது. தாரகாவுக்கு மட்டும் அது தைரியமாகப் படவில்லை.

மறுநாள் காலை குன்றில் ஏறினார்கள். உச்சியில் நல்ல காற்று. தூரத்தில் கடல் ஒரு கோடாகத் தெரிந்தது.

"எப்பிடி இருக்கு அக்கா?"

"வடிவா இருக்கு."

அழகு என்பது அவளுக்குத் தெரிந்தது. அதற்கு மேல் ஒன்றும் வரவில்லை.

இறங்கும் பாதை ஒரு மேய்ச்சல் வெளிக்குள்ளால் போனது. கன்றுகளோடு மாடுகள் நின்றன. பாதி வெளியைக் கடந்தபோது ஒரு கறுப்புப் பசு தலையைத் தாழ்த்திக்கொண்டு இவர்களை நோக்கி வந்தது. பிறகு ஓடத் தொடங்கியது.

"அக்கா, ஓடு!"

தாரகா ஓடிப்போய் வேலியால் ஏறிக் குதித்தாள். திரும்பிப் பார்த்தாள். சுலோச்சனா நின்ற இடத்திலேயே நின்றாள், பஸ்ஸுக்கு நிற்பவளைப் போல, கைகளைத் தொங்கப் போட்டுக்கொண்டு.

பசு இடித்துத் தள்ளியது. சுலோச்சனா கையை ஊன்றி விழுந்தாள். புல்லில் கிடந்தபடி வானத்தைப் பார்த்தாள். பக்கத்தில் பசுவின் மூச்சு கேட்டது. பயம் வரும் என்று காத்திருந்தாள். வரவில்லை.

"போ சனியனே! போ!"

தாரகா வேலிக்கு இந்தப் பக்கம் வந்துவிட்டாள். ஒரு காலின் சப்பாத்து சேற்றில் போயிருந்தது. மழைக்கோட்டைச் சுழற்றிக்கொண்டு கத்தினாள். பசு கொஞ்சம் முறைத்துவிட்டுக் கன்றிடம் திரும்பியது.

வேலிக்கு வெளியே வந்ததும் தாரகா அழுதாள்.

"ஏனடி அக்கா ஓடேல்லை? சாகப் பாத்தியோ?"

"சாக நினைக்கேல்லை. ஓடவேணும் எண்டு தெரிஞ்சது. கால் எழும்பேல்லை." தன் மணிக்கட்டைப் பார்த்தாள். அது வீங்கிக்கொண்டிருந்தது. "கை நோகுது, தாரகா."

பக்கத்து ஊர் ஆஸ்பத்திரியில் மணிக்கட்டு எலும்பில் வெடிப்பு என்றார்கள். அவசரத்துக்கு யாரை அழைக்க வேண்டும் என்று தாதி கேட்டாள். சுலோச்சனா யோசிக்காமல் கிருஷாந்த் என்றாள். தொலைபேசி எண்ணையும் முழுதாகச் சொன்னாள். தாதி எழுதிக்கொண்டாள். தாரகா எதையும் திருத்தவில்லை. தன் எண்ணையும் அதற்குக் கீழே போடச் சொன்னாள்.

மாவுக்கட்டோடு வெளியே வந்தபோது மழை தூறியது.

"கூடாரத்தைக் கழட்டிக்கொண்டு வீட்டை போவம்," என்றாள் தாரகா.

சுலோச்சனா வீட்டில் இருவரும் படுத்த பெரிய கட்டிலை நினைத்தாள். அதிலும் ஒன்றும் தோன்றவில்லை. ஆனால் மணிக்கட்டு விடாமல் வலித்தது.

"இண்டைக்கு நிப்பம். நாளைக்கும் நடப்பம்."

"மாட்டுக்குள்ளாலையோ?"

"இல்லை. வேறை பாதையாலை."

தாரகா கார்க்கதவைத் திறந்துவிட்டாள். ஒரு கையால் முடியாததால், இருக்கைப் பட்டியையும் அவளே குனிந்து போட்டுவிட்டாள்.