சட்டையில் ஊற்றிய சாராயம்

கிளெமென்ற் குடியை விட்டு மூன்று மாதம். துறைமுகத்தில் மூட்டை சுமக்கிறவன். கொட்டாஞ்சேனையில் ஒற்றை அறை வீடு. மகள் றோஸி கோயிலில் முதல்முறையாகப் புதுநன்மை வாங்குகிற வருசமென்று, அந்தோனியார் சுரூபத்துக்கு முன்னால் அவள் தலையில் கை வைத்துச் சத்தியம் பண்ணி விட்டவன்.

குடித்த காலத்தில் சந்திப் பொலிஸ் காவலரணில் அவனை ஒருவரும் மறித்ததில்லை. ஆடியாடி வந்து சலாம் அடிப்பான். "பலயங் பேபத்தா," போடா குடிகாரா, என்று சிரித்து விட்டுவிடுவார்கள். தெளிந்து நிமிர்ந்து நடக்கத் தொடங்கிய பிறகுதான் அடையாள அட்டையைக் கேட்டார்கள். பிறந்த இடம் மன்னார், சண்டை நடக்கிற பக்கம். இங்கே என்ன வேலை என்றதற்கு, "இருபது வருசமாய் உங்கட மூட்டையைத்தான் சுமக்கிறன்" என்று சிங்களத்தில் சொல்லிவிட்டான். குடியை விட்டவனுக்குக் கோபத்தை விடத் தெரியவில்லை. நான்கு நாள் உள்ளே இருந்தான். வலது காது இன்னும் கேட்கவில்லை.

இன்றைக்கு மறுபடி வேலை. அவனுடைய போத்தல்களையெல்லாம் கழிவுநீர்க் கானுக்குள் கவிழ்த்த மனைவி மெற்றில்டா, தானே போய்க் கால் போத்தல் சாராயம் வாங்கி வந்திருந்தாள்.

"சட்டையில மட்டும் ஊத்திறன். கொஞ்சம் ஆடி நடவுங்கோ."

"சத்தியம் பண்ணினனான், மெற்றில்டா."

"குடிக்கவே சொன்னனான்? ஆடுறதுக்கு உங்களுக்கு ஆரும் பழக்கவேணுமே?"

அவனுக்கும் சிரிப்பு வந்தது. "றோஸிக்குச் சொல்லிப்போட்டுப் போறன்."

"வேண்டாமப்பா. எட்டு வயசுப் பிள்ளை, வகுப்பில கதைச்சுப்போடும். நடிப்பெண்டு அவங்களுக்குத் தெரிஞ்சால் காதோட விடமாட்டாங்கள்."

காலையில் சுகமாய்க் கடந்தான். துறைமுக வாசலுக்கு முன்னால் சட்டையை மாற்றினான். பின்னேரம் திரும்பும்போது அதையே போட்டு, பையில் கொண்டுபோன மிச்சச் சாராயத்தைக் கழுத்தில் தடவிக்கொண்டான்.

பொலிஸ்காரனுக்குப் பழைய ஆளைக் கண்ட சந்தோசம். "எங்கேயடா போயிருந்தாய்?" என்று சிங்களத்தில் கேட்டுப் பிடரியில் ஒன்று போட்டான். கிளெமென்றுக்குக் கோபம் ஏறியது. விழுங்கிக்கொண்டு சலாம் அடித்தான்.

அப்போதுதான் கோயிலில் ஞானோபதேச வகுப்பு விட்டுப் பிள்ளைகள் வந்தார்கள்.

"றோஸி, அங்க உன்ர அப்பா," என்றாள் ஒருத்தி. மற்றவர்கள் சிரித்தார்கள்.

றோஸி நின்று பார்த்தாள். பொலிஸ்காரனின் கை இன்னும் அவன் தோளில் இருந்தது. கிளெமென்ற் இன்னொரு தரம் ஆடினான்.

அவள் புத்தகத்தை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு தெருவின் மற்றப் பக்கத்துக்குப் போனாள். பிறகு ஓடினாள்.

கூப்பிட்டால் அரணுக்குக் கேட்கும். சந்தி திரும்பியதும் நிமிரலாமென்றுதான் நினைத்திருந்தான். திரும்பிய பிறகு மதிலைப் பிடித்துக்கொண்டு நின்றான். நாளைக்கும் வேலை இருந்தது.