படத்துக்குப் போட்ட படையல்

என் மாமனார் நடந்து நான் முதல் முதலா பார்த்தது 1976 ஜனவரியில, ஒரு சனிக்கிழமை மத்தியானம், டிவியில.

கனடாவுல, வெக்ஸ்போர்ட்ல எங்க அபார்ட்மென்ட் ஏழாவது மாடி. வெளியே பனி கொட்டுது. நான் துணி மடிச்சிட்டிருந்தேன். ஏதோ பழைய ஹாலிவுட் படம், கறுப்பு வெள்ளை. தலைப்பாகை, முறுக்கு மீசை, மூஞ்சி பூரா அப்பின சாயம். இந்திய ராஜாவாம், கர்மம்! அந்த ராஜா குதிரையை விட்டு இறங்கி, தலையைக் கொஞ்சம் சாய்ச்சு, நேரா என்னைப் பார்த்துச் சிரிச்சான். என் கையில இருந்த துண்டு கீழே விழுந்துடுச்சு. எங்க படுக்கையறைச் சுவத்துல மாலையும் குங்குமமுமா மாட்டியிருக்கிற என் மாமனாருக்கும் அதே தலைப்பாகை, அதே சாய்வு, அதே சிரிப்பு. ஓடிப் போய்ப் பார்த்தேன். தலைப்பாகையில குத்தியிருந்த இறகு கூட அதேதான்.

எனக்கு வாய் ஜாஸ்தின்னு ஊரே சொல்லும். அன்னைக்கு நான் வாயைத் திறக்கலை. எப்படித் திறப்பேன்? எங்க வீட்டுக்காரர் உமாபதி (பேரைச் சொல்லிட்டேன், இத்தனை வயசுக்கு அப்புறம் என்ன) தன் அப்பாவைப் பார்த்ததே கிடையாது. பொறந்த மூணாம் மாசம் அம்மா போயிட்டாங்க. அப்பா பர்மாவுக்கு வேலைக்குப் போனவர். உலகச் சண்டைக் காலத்துல ரங்கூன்லேர்ந்து கால்நடையா கிளம்பி, வழியில எங்கேயோ பசியிலயே செத்தார்னு கூட வந்தவங்க சொன்னாங்களாம். எந்தத் தேதின்னு தெரியாது, அதனால ஆடி அமாவாசையில படைக்கிறது வழக்கம். இவரை வளர்த்தவர் பெரியப்பா. "அப்பா எப்படி இருப்பாரு"ன்னு பையன் நச்சரிச்சு நச்சரிச்சு, ஒருநாள் அந்த மனுஷன் இந்தப் படத்தைக் கொண்டாந்து கையில குடுத்திருக்கார். எந்தச் சினிமாக் கொட்டகைக்காரன்கிட்ட வாங்கினாரோ! கேக்கலாம்னா அவரும் போய்ச் சேர்ந்துட்டார்.

இவர் 1969-ல கனடாவுக்கு வந்தப்போ, கண்ணாடி உடையக் கூடாதுன்னு அதை வேட்டிக்கு நடுவுல சுத்திக் கொண்டாந்தார். இன்டர்வியூ, புது வேலை, டிரைவிங் டெஸ்ட், எதுக்குப் போனாலும் அதுகிட்ட ஒரு வார்த்தை சொல்லாம வாசப்படி தாண்ட மாட்டார். அப்படிப்பட்டவர்கிட்டப் போய், இது உங்கப்பா இல்லை, சாயம் பூசின வெள்ளைக்காரன்னு எந்த நாக்கால சொல்றது?

நான் அப்ப நூலகத்துல வேலை பார்த்தேன். திங்கட்கிழமை போனதும், டிவியில போட்ட படத்தோட பேரை வெச்சு, நடிகர்களைப் பத்தின தடிப் புத்தகத்தை எடுத்துப் புரட்டினேன். ஆள் பேர் டெஸ்மண்ட் கார்லின். ஊமைப்படக் காலத்துல கூட்டத்துல நின்னவன். முப்பதுகள்ல பெரிய கதாநாயகன். ராஜா, கப்பல் கேப்டன், குதிரை வீரன்னு வருஷத்துக்கு மூணு படம். உலகச் சண்டை முடிஞ்சதும் துப்பறிவாளன். தலை நரைச்சதும் கதாநாயகிக்கு அப்பா. கடைசியில டிவியில ஒரு கிழட்டு ஷெரீஃப். மொத்தம் நாப்பத்தாறு படம். கடைசிப் படம் 1969, அதுவும் பாதியில விட்டுட்டுப் போனான்னு போட்டிருந்தாங்க. அதுக்கப்புறம் ஒண்ணுகூட இல்லை. மேலே பொறந்த வருஷம், ஒரு கோடு, கோட்டுக்கு அந்தப் பக்கம் வெறும் காகிதம்.

ஆள் உயிரோட இருக்கான்!

உயிரோட இருக்கிறவனுக்கு ஏழு வருஷமா படையல் போட்டிருக்கோமே. சோறு, பருப்பு, வடை, பாயசம்னு தட்டு நிறைய வெச்சு, கற்பூரம் காட்டி, கதவைச் சாத்திட்டு நாங்க ரெண்டு பேரும் வெளியே நிப்போம். செத்தவங்க வந்து சாப்பிட்டுப் போகணும்ல. கொஞ்ச நேரம் கழிச்சுத் திறந்தா எல்லாம் வெச்ச மாதிரியே இருக்கும். எல்லா வீட்லயும் அப்படித்தானே இருக்கும்?

ஆறு மாசம் மனசுக்குள்ளயே வெச்சுப் புழுங்கினேன். ஜூலை மாசம் பேப்பர்ல ஒரு விளம்பரம் பார்த்தேன். அஜின்கோர்ட் பக்கம் ஒரு ஹோட்டல்ல சாப்பாட்டோட நாடகம், நேரில் வருகிறார் டெஸ்மண்ட் கார்லின். ஆடி அமாவாசைக்கு இன்னும் ஆறு நாள்தான் இருந்துச்சு. புதன்கிழமை மத்தியான ஆட்டத்துக்கு டிக்கெட் வாங்கினேன். இவர் ஆபீஸ் கிளம்பினதும் படத்தைச் சுவத்துலேர்ந்து எடுத்து, பேப்பர்ல சுத்திக் கையில எடுத்துக்கிட்டேன். ஏன் எடுத்துட்டுப் போனேன்னு கேட்டா எனக்கே தெரியலை.

மேடையில வந்தவரைப் பார்த்துப் பாவமா போச்சு. கோட்டுக்குள்ள ஆளைத் தேடணும். சிரிப்பு நாடகம்தான். ஒரு இடத்துல கேக் சாப்பிடணும். முள்கரண்டியை வாய் வரைக்கும் கொண்டு போறார், கீழே வெச்சிடறார். மறுபடி எடுக்கிறார், மறுபடி வெக்கிறார். அதுவும் நடிப்புன்னு நினைச்சு ஜனங்க விழுந்து விழுந்து சிரிச்சாங்க. எனக்குச் சிரிப்பு வரலை.

நாடகம் முடிஞ்சதும் கையெழுத்து வாங்க வரிசை. நான் கடைசியா நின்னேன். என் முறை வந்ததும் படத்தைப் பிரிச்சு மேஜை மேல வெச்சேன். தன் மூஞ்சியை அவர் பார்க்கவே இல்லை. கண்ணாடியில நெத்திக்கு நேரா இருந்த குங்குமத்தைத் தொட்டார். விரலை மூக்குகிட்டக் கொண்டு போனார்.

"வெள்ளையா ஒண்ணு கொளுத்துவீங்களே, அந்த வாசனை"ன்னார். "நீங்கதானா அது?"

அவர் பேசினது இங்கிலீஷ். நான் நம்ம பேச்சுல சொல்றேன்.

"ஏழு வருஷம் முன்னால, கோடையில ஆரம்பிச்சுது. ஷூட்டிங்ல சாப்பாட்டு மேஜை முன்னால உக்காந்திருக்கேன். யாரோ ஒருத்தன் கூப்பிட்டான். புரியாத பாஷை, ஒரு வார்த்தைதான் காதுல நின்னுது. அப்பா. எனக்குப் பிள்ளை குட்டி கிடையாதும்மா. ஆனா போயிட்டேன். சாத்தின கதவு, ஒரு விளக்கு, வெள்ளி மாதிரி ஒரு தட்டு. சாப்பிட்டேன். கண்ணைத் திறந்தா கேமரா இன்னும் ஓடுது, எனக்கு வயிறு நிறைஞ்சிருக்கு. அன்னையிலேர்ந்து எதை வாயில வெச்சாலும் மண்ணு. அப்புறம் எடுத்த காட்சியில என் மூஞ்சி மட்டும் புகை மாதிரி விழுந்துது. கேமராவை மாத்திப் பார்த்தாங்க, விளக்கை மாத்திப் பார்த்தாங்க. கடைசியில என்னை மாத்திட்டாங்க. வருஷத்துல அந்த ஒரு நாள் சாப்பாட்டுலதான் நான் ஓடிட்டிருக்கேன்."

"மன்னிச்சிடுங்க, எங்களுக்குத் தெரியாது"ன்னு சொல்ல ஆரம்பிச்சேன்.

அவர் கையைத் தூக்கி என்னை நிறுத்தினார். "அது போகட்டும். நான் சாப்பிடும்போது பின்னால ஒருத்தர் நிக்கறார். எலும்பும் தோலுமா. கால்ல செருப்பில்லை, பாதம் பூரா புண்ணு. ஒரு வார்த்தை பேச மாட்டார். என் தட்டையே பார்த்துட்டு நிப்பார். ஏழு வருஷமா நிக்கறார். எழுந்து இடம் விடலாம்னு பார்க்கிறேன், முடியலை. கூப்பிட்டவன் என்னைத்தானே கூப்பிட்டிருக்கான்? அவனை அந்த ஆளைக் கூப்பிடச் சொல்லுங்க."

பஸ்ல ஏறி உக்காந்தேன். அப்பத்தான் எனக்கு உறைச்சுது. ஊர்ல பெரியப்பா படைக்கும்போது, "டேய் தாண்டவராயா, வாடா, வந்து சாப்பிடு"ன்னு தம்பியைப் பேர் சொல்லிக் கூப்பிடுவார். படம் சும்மா ஓரமா இருக்கும். இங்கே வந்தப்புறம் கூப்பிடறது இவர். பெத்த அப்பனைப் பேர் சொல்லிக் கூப்பிடற பிள்ளை உண்டா? படத்தைப் பார்த்து, "அப்பா, சாப்பிட வாங்க"ன்னுதான் சொல்வார். படத்துல இருக்கிறவன் வந்துட்டான். இந்தக் கொடுமையில இன்னொண்ணும் இருக்கு. இந்த நாட்டுல இனிஷியலை விரிச்சு எழுதச் சொன்னதுல, மாமனார் பேர்தான் இவருக்குக் குடும்பப் பேர். பேங்குல, ஆபீஸ்ல, டாக்டர்கிட்ட எல்லா இடத்திலயும் மிஸ்டர் தாண்டவராயன், மிஸ்டர் தாண்டவராயன்னு நாள் பூரா கூப்பிடறாங்க. பாவம், கூப்பிடறாங்களேன்னு அவர் இவ்வளவு தூரம் வந்திருப்பார். வந்து பார்த்தா தட்டு முன்னால வேற ஆள்.

படத்தைத் திரும்பச் சுவத்துல மாட்டிட்டு, அன்னைக்குச் சாயங்காலமே இவர்கிட்டச் சொல்லிட்டேன். அதுக்கு மேல ஒருநாள் கூட என்னால அடக்க முடியலை.

இவர் அடிக்கிற ஆள் இல்லை. அன்னைக்கு அடிச்சிருந்தாக் கூடத் தேவலைன்னு இருந்துச்சு. "இந்த முப்பத்தேழு வயசுல அப்பான்னு எனக்கு இருந்தது அந்த மூஞ்சி ஒண்ணுதான் சாந்தா. அதையும் பிடுங்கிட்டியே"ன்னார். அஞ்சு நாள் என்கூடப் பேசலை. நான் கூப்பிட்டதுக்கு ஊங்கொட்டக் கூட இல்லை. எனக்குக் கோபமும் அழுகையும் மாறி மாறி வந்துச்சு. பசியோட நிக்கற மனுஷனை நினைச்சா மட்டும் நான் செஞ்சது சரின்னு தோணுச்சு.

அமாவாசை அன்னைக்குக் காலையில எழுந்து சமைச்சேன். படைப்பாரா மாட்டாரான்னு கேக்கலை. குளிச்சிட்டு வந்தார். படத்தைக் கழட்டி, துணி போட்டு மூடி, அலமாரியில வெச்சார். வெறும் சுவத்துக்கு முன்னால தட்டை வெச்சோம். கற்பூரம் ஏத்தினார். கூப்பிடணும். உதடு அசையுது, சத்தம் வரலை. "நாக்குல வரமாட்டேங்குதுடி"ன்னார்.

"வராதுதான். கூப்பிடுங்க"ன்னேன்.

"தாண்டவராயன்... அப்பா... உங்களைத்தான். சாப்பிட வாங்க."

கதவைச் சாத்திட்டு வெளியே நின்னோம். முதல்ல ஒண்ணுமில்லை. அப்புறம் தட்டு தரையில உரசற சத்தம். எவர்சில்வர்ல விரல் நகம் வழிக்கிற சத்தம். வேக வேகமா. இவர் என் கையைப் பிடிச்ச பிடியில வளையல் நசுங்கிடுச்சு. சத்தம் நின்னதும் திறந்தோம். உள்ளே ஆள் இல்லை. தட்டுல உப்பு கூட மிச்சமில்லை. டம்ளர் காஞ்சு கிடந்துச்சு.

நான் பயத்துல சுவத்தோட ஒட்டிக்கிட்டேன். இவர் தட்டையே பார்த்துட்டு நின்னார்.

"பத்தலை சாந்தா. இன்னும் போடு"ன்னார்.

பானையில இருந்ததை எல்லாம் போட்டு, மறுபடி கதவைச் சாத்தினோம். அதுவும் போச்சு. மறுபடி உலை வெச்சேன். அதுவும் போச்சு. அரிசி டப்பாவைக் கவிழ்த்து, கடைசி உலையும் வெச்சு வடிச்சுப் போட்டேன். இந்தத் தடவை வழிக்கிற சத்தம் மெதுவா வந்துச்சு. ரொம்ப நேரம் கழிச்சு நின்னுது.

கதவைத் திறந்தோம். தட்டுல ஒரு பிடி சோறு மிச்சம் இருந்துச்சு.

அதைப் பார்த்ததும்தான் இவர் தரையில உக்காந்து, குழந்தை மாதிரி அழுதார்.