ஆள் இருக்கும் அறை

குளியலறைக் குழாயைத் துடைத்து முடித்து, அதில் தன் முகம் தெரிகிறதா என்று அவள் குனிந்து பார்த்துக்கொண்டிருந்தபோது பைக்குள் கைபேசி அதிர்ந்தது. குழாயில் முகம் தெரிந்தது. மூக்கு மட்டும் பெரிதாக, கண் இரண்டும் ஓரத்துக்கு ஓடிப்போயிருந்தாலும் முகம் முகம்தான். முகம் தெரியாவிட்டால் அது துடைத்த குழாய் இல்லை என்பது அந்தத் தீவு விடுதியில் சட்டம். விருந்தினர் அறைக்குள் கைபேசியைத் தொடக் கூடாது என்பதும் சட்டம். அவள் தொட்டாள். அண்ணன் அனுப்பியிருந்தான். 'மதியம் அம்மா பேசுவாங்க. அப்பாவுக்கு இன்னும் தொண்டை சரியாகல.'

போன வாரமும் தொண்டைதான். அதற்கு முன்னால் தூக்கம். அதற்கும் முன்னால், யாரோடும் பேசக் கூடாது என்று டாக்டர் சொல்லியிருந்தார். எந்த டாக்டர் என்று கேட்டால் அண்ணனுக்கு எதிர்முனையில் சிக்னல் போய்விடும். அப்பாவின் குரலைக் கேட்டு ஒரு மாதத்துக்கு மேல் ஆகிவிட்டது. கைபேசியைப் பைக்குள் போட்டுவிட்டு அவள் குழாயை இன்னொரு முறை துடைத்தாள். அது ஏற்கெனவே பளபளத்துக்கொண்டிருந்தது, பாவம்.

அப்பா பள்ளி வேன் ஓட்டுகிறவர். அவள் ஹோட்டல் மேனேஜ்மென்ட் படிப்பில் சேர்ந்த அன்றே அவளுக்கு 'மேனேஜர்' என்று பெயர் வைத்துவிட்டார். மேனேஜ்மென்ட் படிப்பவள் மேனேஜர்தானே என்பது அவர் கணக்கு. வேனில் வரும் ஒன்றாம் வகுப்புப் பிள்ளைகள்கூட அவளைத் தெருவில் பார்த்தால் 'மேனேஜர் அக்கா' என்று கத்தும். இன்டர்ன்ஷிப்புக்கு இந்தத் தீவு கிடைத்தபோது அவர் நெஞ்சில் ஆபரேஷன் முடிந்து வீடு திரும்பியிருந்தார். அவள் போகமாட்டேன் என்று பெட்டியின் மேல் உட்கார்ந்துகொண்டாள். "நீ இங்க இருந்து என்ன, என் நெஞ்சைப் பிடிச்சிக்கிட்டா நிக்கப் போற? அதுக்குத் தையல் போட்டிருக்காங்க, கிளம்பு" என்று விரட்டி அனுப்பியவர் அவர்தான்.

வந்தபிறகு அவளை ஹவுஸ்கீப்பிங்கில் போட்டார்கள். கட்டில் விரிப்பது, குளியலறை கழுவுவது, தரையில் கிடக்கும் அடுத்தவர் தலைமுடியைப் பொறுக்குவது. வரவேற்பில் வேலை என்று வீட்டுக்கு வாய் கூசாமல் பொய் சொன்னாள். அங்கே நிஜமாகவே இருக்கும் ஒருத்தியிடம் கோட்டு ஒன்றை இரவல் வாங்கி மாட்டிக்கொண்டு, பூ ஜாடி பக்கத்தில் நின்று படம் எடுத்து அனுப்பினாள். அம்மா அதைத் தெரு முழுக்கக் காட்டினாள். அப்பா மட்டும் ஒன்றும் சொல்லவில்லை. அடுத்த முறை வீடியோவில் பேசும்போது அம்மாவைத் தண்ணீர் கொண்டுவர அனுப்பிவிட்டு, குரலைத் தாழ்த்தினார்.

"மேனேஜர், கைக்கு எண்ணெய் தடவு. பேனா பிடிக்கிற கை இப்படி வெந்து போகாது."

அவள் கையைத் திரைக்குக் கீழே இழுத்துக்கொண்டாள்.

"அம்மாகிட்ட நான் சொல்லல. அந்தக் கோட்டு தோள்ல பிடிக்குது. அடுத்த தடவை கொஞ்சம் பெரிசா பார்த்து இரவல் வாங்கு."

இரண்டு பேரும் சிரித்த சிரிப்பில் அம்மா வந்து, என்ன என்ன என்று கேட்டாள். யாரும் சொல்லவில்லை. அன்றிலிருந்து அவளுக்கு அந்தத் தீவு கொஞ்சம் லேசாகிப்போனது. உண்மை தெரிந்த ஒரு ஆள் வீட்டில் இருக்கிறார் என்றால் பொய்யைச் சுமப்பது அவ்வளவு கனமில்லை.

அவளோடு அறையைப் பகிர்ந்துகொண்ட இன்னொரு மாணவிக்குப் பெயர் வாத்து. படுக்கையின் மேல் துண்டில் அன்னம் மடித்து வைக்க வேண்டும். அவள் மடித்த அன்னமெல்லாம் வாத்தாகவே வந்தது, பெயரும் வந்துவிட்டது. இரண்டு பேருக்கும் ஒரு விளையாட்டு இருந்தது. காலையில் அறைக்குள் நுழைந்ததும், முகமே பார்க்காத விருந்தினரின் கதையைச் சொல்ல வேண்டும். ஒரு தலையணை சோபாவில் கிடந்தால் ராத்திரி சண்டை. கட்டிலின் இடது ஓரம் மட்டும் நசுங்கியிருந்தால் அவர் வீட்டில் வலது பக்கம் வேறு யாரோ படுக்கிறார்கள். தங்குகிறவர்கள் வாயால் ஆயிரம் சொல்லலாம், மெத்தை மறைக்காது. வாத்து பாதி ஊகத்தில் கோட்டை விடுவாள். இவள் தப்பவே மாட்டாள். ஒருநாள் விரிப்பை முகர்ந்துகூடப் பார்க்காமல், 'இந்த அறையில் யாரோ அழுதிருக்காங்க' என்றாள். குப்பைக்கூடையில் டிஷ்யூ பெட்டி முழுசாகக் காலியாகக் கிடந்தது.

எட்டாம் எண் வில்லாவில் மட்டும் அவளுக்குச் சறுக்கியது. அங்கே இரண்டு பேர் வருவதாகத்தான் பதிவு. வந்தது ஒரு வயதான பெண்மணி மட்டும். சாயங்காலம் படுக்கையைத் தூக்கத்துக்குத் தயார் செய்வது அங்கே ஒரு தனி வேலை. திரையை மூடி, சிறிய விளக்கைப் போட்டு, போர்வை நுனியை முக்கோணமாக மடித்து, கட்டிலருகே வெள்ளைத் துணிச் செருப்பை ஜோடியாக வைக்க வேண்டும். எத்தனை ஆளோ அத்தனை ஜோடி. அவள் கட்டிலைப் பார்த்தாள், ஒரு பக்கம்தான் நசுங்கியிருந்தது. கெட்டிக்காரத்தனமாக ஒரு பக்கத்தை மட்டும் மடித்து, ஒரு ஜோடி செருப்பை வைத்துவிட்டு, மிச்சத்தை வண்டியில் போட்டுக்கொண்டாள். இரண்டாவது அங்கி, இரண்டாவது கோப்பை எல்லாம். அந்தப் பெண்மணி வெளியிலிருந்து வந்து கட்டிலைப் பார்த்தார். வெகுநேரம் பார்த்தார். பிறகு இவளைப் பார்த்து இரண்டு விரலைத் தூக்கிக் காட்டினார். கோபமில்லை. கடையில் இரண்டு பொருள் கேட்பது போலத்தான் காட்டினார்.

அன்றிலிருந்து எட்டில் எல்லாம் இரண்டு. காலையில் போனால் இரண்டாவது ஜோடி வைத்த இடத்தில் வைத்தபடியே இருக்கும். "பாட்டிக்குக் கொஞ்சம் கழண்டு போச்சுடி" என்றாள் வாத்து. இவளும் சிரித்தாள். அந்தச் சிரிப்பை நினைத்துப் பின்னால் இவள் கூசிப்போக வேண்டியிருந்தது.

மதியம் சாப்பாட்டைக் கொரித்துவிட்டு லாண்டரிக்குப் பின்னால் போனாள். பணியாளர் குடியிருப்பில் எல்லோரும் ஒரே நேரத்தில் வீட்டுக்குப் பேசுவார்கள், திரையில் முகங்கள் கோணிக்கொண்டு நின்றுவிடும். இங்கே, துணி உலர்த்தும் இயந்திரத்தின் சூடான காற்று முதுகில் அடித்தாலும் படம் தெளிவாக வரும். அம்மாவின் முகம் வந்தது. ரொம்ப இளைத்திருந்தாள்.

"சாப்பிட்டியா?"

"ஆச்சு. அப்பாவைக் காட்டும்மா. பேச வேணாம். பார்த்துட்டு வச்சிடறேன்."

"குளிக்கப் போயிருக்காருடி."

"நேத்து தூங்கறாருன்னான் அண்ணன். முந்தாநாள் நடக்கப் போயிருக்காருன்னான். தொண்டை கட்டினவர் எவ்வளவு சுறுசுறுப்பா இருக்காரு பாரேன்."

அம்மா சிரிக்கவில்லை. "நம்பலையா நீ? இரு, ரூமைக் காட்டறேன். அவர் கண்ணாடி, சட்டை எல்லாம் இங்கதான் இருக்கு."

கண்ணாடியையும் சட்டையையும் யார் கேட்டார்கள்?  அதற்குள் கேமரா திரும்பிவிட்டது.

அப்பா அம்மாவின் அறை. சுருக்கமே இல்லாமல் இழுத்துச் செருகிய விரிப்பு. அப்பாவின் பக்கத்தில் போர்வை சதுரமாக மடித்திருந்தது. தலையணை உப்பலாக, தலையே படாததுபோல் இருந்தது. முக்காலியில் நேற்றைய பேப்பர், அதன்மேல் காதுகள் மடக்கிய மூக்குக்கண்ணாடி. பக்கத்தில் விளிம்புவரை தண்ணீர் நிரப்பிய டம்ளர். சட்டை ஹேங்கரில், பொத்தான் போட்டபடி. கட்டிலுக்குக் கீழே அப்பாவின் செருப்பு, குதிகால் இரண்டும் ஒரே கோட்டில்.

அப்பா எந்தக் காலத்தில் செருப்பைச் சேர்த்து விட்டிருக்கிறார்! நடந்தபடியே உதறுவார். ஒன்று கட்டிலுக்கு அடியில் ஓடும், மற்றது வாசலைப் பார்த்துக் கிடக்கும். கண்ணாடி தலையணைக்கு அடியில்தான் இருக்கும், காலையில் வீடே அதைத் தேடும். டம்ளரில் எப்போதும் பாதித் தண்ணீர், அதில் ஒரு எறும்பு. சட்டை கதவுக் கொக்கியில் காலரைப் பிடித்துத் தொங்கும். கல்யாணமான நாளிலிருந்து அம்மா போட்ட சண்டைகளை எடைக்குப் போட்டால் முக்கால்வாசி இந்த அறைக்காகத்தான் இருக்கும்.

கட்டிலின் மறுபக்கம் சுவரோரமாக, ஒடுங்கிய ஒரு ஆள் அகலத்துக்கு மட்டும் மெத்தை அமுங்கியிருந்தது. அம்மாவின் இடம். அதைத் தாண்டி ஒரு சாண்கூட அம்மா நகரவில்லை.

அவள் விளையாடவில்லை. விளையாடக் கூடாது என்றுதான் கண்ணை எடுக்கப் பார்த்தாள். பழகிய கண் கேட்கவில்லை. இது ஆள் இருக்கும் அறை இல்லை. ஆள் இருப்பதாகத் தோன்றவேண்டும் என்று யாரோ தயார் செய்த அறை. அந்த வேலையை அவள் தினமும் செய்கிறாள், அவளுக்கா தெரியாது.

"அம்மா."

"என்னடி."

"அப்பா செருப்பை யாரும்மா சேர்த்து வச்சது?"

படம் ஆடியது. மின்விசிறி தெரிந்தது, பிறகு சுவர், பிறகு மறுபடி மின்விசிறி. கைபேசி கட்டிலில் விழுந்துவிட்டிருந்தது. மேலே விசிறி சுற்றிக்கொண்டே இருக்க, அம்மாவின் குரல் மட்டும் வந்தது.

"நான்தான். அவர் போடற மாதிரி கலைச்சுக் கலைச்சுப் போட்டுப் பார்த்தேன். எனக்கு வரலடி. எனக்கு அது வரவே இல்ல."

பிறகு அம்மா அழுத சத்தம். அப்படி ஒரு சத்தம் அம்மாவிடமிருந்து வரும் என்று அவளுக்குத் தெரியாது. அவள் லாண்டரிச் சுவரில் சாய்ந்து அப்படியே சரிந்து உட்கார்ந்தாள். சுவர் சுட்டது. சுடுகிறது என்று தெரிந்தும் நகரத் தோன்றவில்லை.

அண்ணன் கைபேசியை எடுத்தான். அவன் கண்ணைப் பார்க்கவில்லை.

"எப்ப?"

"நீ கடைசியா பேசினதுக்கு அடுத்த வாரம். ஆஸ்பத்திரிக்குப் போற வழியிலேயே சொல்லிட்டாரு. மேனேஜர் முடிச்சிட்டு வரட்டும், நடுவுல கூப்பிட்டீங்கன்னா சர்டிபிகேட் தர மாட்டான், படிப்பு பாழாயிடும்னு. சத்தியம் வாங்கிட்டாரு. நான் என்ன பண்ணுவேன் சொல்லு."

"எல்லாரும் சேர்ந்து என் காதுல பூ சுத்தினீங்களா?" என்று கத்தினாள். உலர்த்தும் இயந்திரத்தின் இரைச்சலில் அது அவளுக்கே சரியாகக் கேட்கவில்லை. கத்தி முடித்ததும் இரவல் கோட்டு நினைவுக்கு வந்தது. தானும் சுற்றிய பூதானே. அதைக் கண்டுபிடித்தவர் ஒருத்தர்தான், அவரும் போய்விட்டார். இனி அந்த வீட்டில் அவளை உள்ளபடி தெரிந்தவர் யாருமில்லை. அதை நினைத்தபோதுதான் அழுகை வந்தது, அதுவரை வரவில்லை.

அண்ணன் காத்திருந்தான். "கிளம்பி வரணும்னா வா. நாங்க யாரும் ஒண்ணும் சொல்ல மாட்டோம். இருந்து முடிக்கிறதுன்னாலும் சரி." கொஞ்சம் தயங்கினான். "இன்னொண்ணும் சொன்னாரு. அவ கையைப் பார்த்துக்கச் சொல்லுன்னாரு. எனக்குப் புரியல. உனக்கு ஏதாவது புரியுதா?"

அவள் தலையை ஆட்டினாள்.  சிவந்து, நகக்கண் வெடித்த விரல்கள் கைபேசியைப் பிடித்துக்கொண்டிருந்தன. அம்மாவை இனிமேலாவது கட்டிலின் நடுவில் வந்து படுக்கச் சொல் என்று சொல்ல நினைத்தாள். எட்டாம் எண் வில்லாவில் தூக்கிக் காட்டிய இரண்டு விரல்கள் கண்ணுக்குள் வந்தன. சொல்லவில்லை.

வாத்துதான் தேடிக்கொண்டு வந்தாள். ஒன்றும் கேட்காமல் பக்கத்தில் உட்கார்ந்து, விஷயத்தைத் தெரிந்துகொண்டு, தன் ஏப்ரனால் இவள் மூக்கைத் துடைத்துவிட்டாள். அது தரை துடைத்த ஏப்ரன். மற்ற நேரமாக இருந்தால் இரண்டு பேரும் உருண்டு புரண்டு சிரித்திருப்பார்கள்.

"சூப்பர்வைசர் மேடம்கிட்ட நான் சொல்லிக்கறேன். நீ போய்ப் படு. உன் ரூமெல்லாம் நானே பார்த்துக்கறேன்."

"எட்டு மட்டும் நான் பண்றேன்."

"ஏன்டி, இந்த நிலைமையில?"

"எட்டு மட்டும்."

போவதா, இருப்பதா என்று அவளுக்குத் தெரியவில்லை. போனால் அப்பா வாங்கிய சத்தியம் உடையும். இருந்தால் அம்மா அந்த ஒரு ஆள் அகலத்தில் தனியாகக் கிடப்பாள்.  வெயில் தாழும்வரை அவள் அதையே நினைத்தாள், பிறகு முகம் கழுவிக்கொண்டு வண்டியைத் தள்ளினாள்.

எட்டாம் எண் வில்லாவில் அந்தப் பெண்மணி வெளித்தளத்தில் கடலைப் பார்த்து உட்கார்ந்திருந்தார். தலையசைத்தார். அவள் திரையை மூடினாள். விளக்கைப் போட்டாள். விரிப்பை இழுத்து, இரண்டு பக்கமும் போர்வை நுனியை மடித்தாள். முதல் ஜோடியை அந்தப் பெண்மணி படுக்கும் பக்கத்தில் வைத்தாள். கட்டிலைச் சுற்றி வந்து இரண்டாவது ஜோடியை வைத்தாள், குதிகால் இரண்டும் ஒரே கோட்டில். எழுந்து நின்று பார்த்தாள். மேற்பார்வையாளர் வந்தால் முழு மதிப்பெண் போடுவார்.

அவள் காலை நீட்டி ஒரு செருப்பை உதைத்தாள். அது கட்டிலுக்கு அடியில் பாதி போய் நின்றது. மற்றதை எதிர்ப்பக்கம் தள்ளினாள். அது சுழன்று வாசலைப் பார்த்துக் கிடந்தது. ஒரே முறையில் வந்துவிட்டது. அவளுக்கு வந்தது. அம்மாவுக்கு வராதது அவளுக்கு வந்தது. அவள் வாயைப் பொத்திக்கொண்டாள்.

நிமிர்ந்தபோது கதவருகே அந்தப் பெண்மணி நின்றிருந்தார். அவள் பதறிப்போய்ச் செருப்பை எடுக்கக் குனிந்தாள். அவர் வேண்டாம் என்று கையசைத்தார். மெதுவாக நடந்து வந்து, கட்டிலைப் பிடித்துக்கொண்டு, முட்டியை மடக்கிக் கஷ்டப்பட்டுக் குனிந்தார். வாசலைப் பார்த்துக் கிடந்ததைத் தொடவில்லை. கட்டிலுக்கு அடியில் கிடந்ததை மட்டும் வெளியே இழுத்து, குப்புறக் கவிழ்த்து, தன் ஆள் உதறுவது இப்படித்தான் என்பதுபோல், அடிப்பக்கம் மேலே தெரியும்படி போட்டார்.