கத்திக்கு முன்னால் ஊசி

சுதர்ஷினியின் கழுத்தில் கட்டி தெரிந்த நாளிலிருந்து அவளுடைய மச்சாள் சிவக்கொழுந்து டொக்டராகிவிட்டாள். கணவனின் அக்கா என்றால் பாதி மாமியார். வாய் திறந்தால் அடைக்க ஆளில்லை.

"வெட்டுறதெண்டா நேரா வெட்டு, சுதா. ஊசி மட்டும் குத்த விடாத. மீன்ர பித்தில கத்தி பட்டா முழு மீனும் கசக்கும். கட்டியும் அப்பிடித்தான். குத்தினா உடம்பெல்லாம் பரவும்."

சல்லி ஊர்க் கடற்கரையில் முப்பது வருசம் மீன் வெட்டிய கை பேசுகிறது என்று ஊரே தலையாட்டியது. சுதர்ஷினி ஆட்டவில்லை. அவளுடைய அம்மாவுக்கும் எண்பதுகளில் இதே இடத்தில் கட்டி வந்தது. ஊசி வைத்துப் பார்ப்பார் யாருமில்லை. எதற்கும் இருக்கட்டும் என்று தைரொயிட் சுரப்பி முழுவதையும் வெட்டி எடுத்தார்கள். எடுத்த பிறகுதான் அது புற்றுநோய் இல்லை, வெறும் கட்டி என்று தெரிந்தது. அந்த வெட்டில் போன குரல் திரும்பவேயில்லை. அம்மா சாகும்வரை காற்றாகத்தான் பேசினாள். சுதர்ஷினியோ கரையில் மீன் ஏலம் கூறிப் பிழைக்கிறவள்.

"என்னெண்டு தெரியாமல் என்ர கழுத்தில கத்தி வைக்க விடமாட்டன்," என்று சொல்லிவிட்டுத் தனியாகவே ஆஸ்பத்திரிக்குப் பஸ் ஏறினாள்.

சத்திரசிகிச்சை டொக்டர் ஸஹ்ரா இளைப்பாறும் வயதை நெருங்கியவர். ஊசியால் கட்டியில் கொஞ்சம் உறிஞ்சி எடுத்துக்கொண்டே கதை சொன்னார். "முந்தி நாங்கள் வெட்டித்தான் பாக்கிறது, தங்கச்சி. வெட்டினதில கனபேருக்கு ஒண்டுமில்லை. இந்த ஊசி வந்தாப்பிறகு கனக்கக் கழுத்து தப்பினது."

இரண்டு கிழமையில் முடிவு வந்தது. அன்றைக்கு மச்சாளும் விடாமல் கூடவே வந்தாள்.

"புற்றுநோய்தான்," என்றார் டொக்டர். "சின்னது. வலப்பக்கத்தோட நிக்குது. சுரப்பியில அந்தப் பாதியை மட்டும் எடுத்தாப் போதும்."

"நான் சொன்னனான்," என்றாள் சிவக்கொழுந்து. "குத்திக் கிளப்பிப்போட்டினம்."

சுதர்ஷினிக்குப் பயம்தான், பொய் சொல்லி என்ன. ஆனால் கோபம் அதைவிடப் பெரிதாக இருந்தது.

"மச்சாள், ஊசி குத்த முந்தியும் இது இஞ்சதான் இருந்தது. கொஞ்சம் பேசாம இருங்கோ."

டொக்டரிடம் திரும்பினாள். "என்ர குரல்?"

"ஆபத்துக் குறைவு. ஆனா சத்தியம் பண்ண ஏலாது."

அவள் மேசையில் இருந்த சம்மதப் படிவத்தை இழுத்துக் கையெழுத்துப் போட்டாள்.

"என்ன நோய், எந்தப் பக்கம், எவ்வளவு எண்டு இப்ப எனக்குத் தெரியும். என்ர அம்மாவுக்கு ஒருத்தரும் அதைச் சொல்லேல்ல. இனி வெட்டுங்கோ."